கிராஃபீன் அதிர்வுகளை அளக்கத் தொடங்குவோருக்கு: சிங்கப்பூர் ஆய்வுக்கூடங்களில் ராமன் அளவீட்டின் நடைமுறை

கிராஃபீன் (ஓரணு தடிமனுள்ள கார்பன் தாள்), ஈரடுக்கு மற்றும் மூவடுக்குக் கிராஃபீன், கிராஃபைட் ஆகிய அடுக்குக் கார்பன் பொருள்களின் அணிக்கோவை அதிர்வுகளைப் பற்றியும், அந்த அதிர்வுகள் எலக்ட்ரான்களோடு எவ்வாறு பிணைந்துள்ளன என்பதைப் பற்றியும் பாடநூல்களில் வேண்டிய அளவு எழுதப்பட்டிருக்கிறது. எந்தப் படிவத்தை முதலில் கொடுப்பது, கருவியை எத்தனை மணி நேரத்துக்கு முன்பதிவு செய்வது, எந்த அளவீட்டை முடித்த பிறகு எதற்குப் போவது என்பவற்றை மட்டும் யாராவது சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. சொல்ல ஆள் கிடைக்காதவர் ஒரு பருவத்தையே அலைச்சலில் கழித்துவிடுகிறார். அப்படி அலைந்து தெரிந்துகொண்டவற்றை, முதலாண்டு ஆய்வு மாணவர்களையும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலிருந்து வேலைப் பயிற்சிக்கு வருவோரையும் மனத்தில் வைத்து, வரிசைப்படுத்தித் தருகிறேன்.

ராமன் அளவீட்டில் மாதிரியின்மேல் லேசரைப் பாய்ச்சி, சிதறும் ஒளியின் ஆற்றல் மாற்றத்திலிருந்து அதிர்வுகளை அறிகிறோம்; ஒவ்வோர் அதிர்வும் நிறமாலையில் ஒரு முகடாக வரும், அதன் இடத்தை செ.மீ.⁻¹ அலகில் அலை எண்ணாகச் சொல்வோம். தொடங்குமுன் ஒன்றை ஏற்றுக்கொள்ளுங்கள். கிராஃபீனின் ஜி முகடு எந்த அலை எண்ணில் நிற்கிறது என்ற ஒற்றை எண், தனியாக எதையும் சொல்லாது. டோப்பிங் (எலக்ட்ரான்கள் கூடுதலாகவோ குறைவாகவோ இருப்பது), திரிபு (தாள் இழுபட்டோ அமுங்கியோ இருப்பது), லேசரின் சூடு ஆகிய மூன்றும் அதை நகர்த்தும். அளவுத்திருத்தம் பிசகியிருந்தால் அதுவும் நகர்த்தியதைப் போலவே தோன்றும். இவற்றைப் பிரித்தறிவதற்கான துணை அளவீடுகளை அன்றைய தினமே, அதே இடத்தில் எடுத்திருக்க வேண்டும். எடுக்காமல் விட்டதைப் பிறகு கணினி முன் உட்கார்ந்து மீட்க வழியில்லை. கீழே உள்ள வரிசை முழுவதும் இந்த ஒரு காரணத்துக்காக அமைந்தது.

1. கேள்வியை முடிவு செய்த பிறகே கருவியைத் தேடுங்கள்

“எலக்ட்ரான் ஊடாட்டத்தை அளக்கப் போகிறேன்” என்று மட்டும் விண்ணப்பத்தில் எழுதினால் கருவிப் பொறுப்பாளரால் உங்களுக்கு உதவ இயலாது. எந்த முகட்டின் எந்தப் பண்பை அளக்கப் போகிறீர்கள் என்று எழுதுங்கள்.

அடுக்குகளின் எண்ணிக்கை மட்டும் வேண்டுமென்றால் 2,700 செ.மீ.⁻¹ அருகில் வரும் 2டி முகட்டின் வடிவம் போதும். ஓரடுக்கில் அது சமச்சீரான ஒற்றை லொரென்ட்ஸ் வளைவாக, பாதி உயரத்தில் 24 முதல் 30 செ.மீ.⁻¹ அகலத்துடன் நிற்கும். ஈரடுக்கில் நான்கு கூறுகளாகப் பிரிந்து தோள் விரிந்து காணப்படும். குறைபாடுகளை அறிய 1,350 அருகில் உள்ள டி முகடு வேண்டும். எலக்ட்ரான்–ஃபோனான் பிணைப்பைப் பற்றிப் (ஃபோனான் என்பது அணிக்கோவை அதிர்வின் ஆற்றல் துணுக்கு) பேச வேண்டுமென்றால், 1,582 அருகில் உள்ள ஜி முகட்டின் இடத்தை விட அதன் அகலமே முக்கியம், அதுவும் கேட் மின்னழுத்தத்தை (அடித்தகட்டில் கொடுத்துக் கிராஃபீனின் டோப்பிங்கைக் கூட்டிக் குறைக்கும் மின்னழுத்தம்) மாற்றிக்கொண்டே அளந்த அகலம். எலக்ட்ரான்கள் ஒன்றோடொன்று மோதுவதைத் தொட வேண்டுமென்றால் 2டி முகட்டின் பரப்பளவு டோப்பிங்கோடு எப்படிக் குறைகிறது என்று பார்க்க வேண்டும். அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று சறுக்கும் அதிர்வு 30 முதல் 44 செ.மீ.⁻¹ வரையிலான மிகத் தாழ்ந்த பகுதியில் வருகிறது. அதற்கு எல்லாக் கருவிகளும் உதவா.

முதல் நான்கும் ஒரே கருவியில் முடியக்கூடியவை. கடைசிக்குத் தனி வடிப்பான்கள் வேண்டும். இதைத் தெளிவாக்கிக் கொள்ளாமல் பயிற்சிக் கட்டணம் கட்டிவிட்டு, பிறகு வேறு கட்டடத்தில் இன்னொரு கருவிக்கு மீண்டும் பயிற்சி எடுத்தவர்கள் எனக்குத் தெரிந்தே சிலர் இருக்கிறார்கள்.

2. கருவிப் பொறுப்பாளரிடம் கேட்க வேண்டியவை

சிங்கப்பூரில் இத்துறைக்கு மூன்று இடங்களில் வலுவான மரபு இருக்கிறது: கென்ட் ரிட்ஜில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் இருபரிமாணப் பொருள் ஆய்வு மையம், ஜூரோங்கில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், ஃபியூஷனோபொலிஸில் ஏ-ஸ்டார் அமைப்பின் கீழ் இயங்கும் பொருள் ஆய்வு, பொறியியல் கழகம். நீங்கள் எங்கே சேர்ந்திருந்தாலும் மற்ற இடங்களின் கருவிகளை வெளிப் பயனராகப் பயன்படுத்த வழி கேட்கலாம். கட்டணம் மட்டும் வேறுபடும்.

கேட்க வேண்டியவை இவை. எந்தெந்த லேசர் அலைநீளங்கள் உள்ளன? 2டி முகடு லேசர் ஆற்றலைப் பொறுத்து ஓர் எலக்ட்ரான் வோல்ட்டுக்கு ஏறத்தாழ 100 செ.மீ.⁻¹ நகரும், டி முகடு அதில் பாதி நகரும். ஆகவே 532 நானோமீட்டரில் எடுத்ததை 633-இல் எடுத்ததோடு நேரே ஒப்பிட முடியாது. ஒளியை அலைநீளவாரியாகப் பிரிக்கும் கீற்றணியில் மில்லிமீட்டருக்கு எத்தனை கோடுகள்? 600 கோட்டுக் கீற்றணி, மாதிரியைப் புள்ளி புள்ளியாக அளந்து வரைபடம் எடுக்க வசதியானது, ஆனால் ஜி முகட்டின் அகலத்தை நம்பி அளக்க 1,800 அல்லது 2,400 கோடுகள் வேண்டும். மாதிரி மேடையில் மின்கம்பி இணைப்பு உள்ளதா? குளிர்கலன் உள்ளதா, இருந்தால் அதன் சாளரத்துக்கு ஏற்ற நெடுந்தொலைவு லென்ஸ் இருக்கிறதா? நூறு மடங்கு உருப்பெருக்கும் சாதாரண லென்ஸ் மாதிரிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நெருக்கத்தில் நிற்கும். கம்பி ஒட்டிய மாதிரியை அதன் அடியில் வைத்துக் குவியம் தேடும்போது கம்பி அறுவதும் லென்ஸ் கீறுவதும் நடக்கிற காரியங்கள். லென்ஸின் விலையைக் கேட்டுவிட்டுப் பிறகு கைப்பிடியைத் திருகுங்கள்.

3. காகித வேலை

மாதிரி கையில் வந்த பிறகு காகித வேலையைத் தொடங்குவோம் என்று நினைப்பது வழக்கம். தலைகீழாகச் செய்யுங்கள். மாதிரியை ஒரு வாரத்தில் செய்துவிடலாம். அனுமதிகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும், ஒன்று முடியாமல் மற்றொன்று நகராது.

பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் கீழ் உள்ள இடர் மேலாண்மை விதிகளின்படி ஒவ்வொரு சோதனைக்கும் எழுத்து வடிவ இடர் மதிப்பீடு இருக்க வேண்டும். அதை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது மறுஆய்வு செய்ய வேண்டும், செய்முறை கணிசமாக மாறினால் உடனே மாற்ற வேண்டும். உங்கள் குழுவில் பழைய மதிப்பீடு ஒன்று இருக்கும். அதில் கேட் மின்னழுத்தமும், திரவ நைட்ரஜனும், நீங்கள் பயன்படுத்தப் போகும் லேசரின் வகையும் இடம்பெற்றுள்ளனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தப் பழைய தாளைக் காட்டி உள்ளே நுழைய முடியாது. மூடிய பெட்டிக்குள் இயங்கும் ராமன் நுண்ணோக்கி, கதவு மூடியிருக்கும் வரை பாதுகாப்பான வகையில் சேரும். ஆனால் கதவைத் திறந்து ஒளிப்பாதையைச் சரிசெய்யும் வேலை உங்களுக்கு இருந்தால், உள்ளே இருக்கும் லேசரின் வகையைக் கருத்தில் கொண்டு லேசர் பாதுகாப்புப் பயிற்சி கேட்பார்கள். அந்தப் பயிற்சி வகுப்புகள் தினந்தோறும் நடப்பதில்லை, இடங்களும் விரைவில் நிரம்பிவிடும். முதல் வாரத்திலேயே பதிவு செய்யுங்கள்.

கையோடு வைத்திருக்க வேண்டிய மற்றவை: மேற்பார்வையாளரின் ஒப்புதல் மின்னஞ்சல், கட்டணம் வசூலிக்க வேண்டிய ஆய்வுநிதிக் கணக்கு எண், மாதிரி விவரத் தாள், ஒட்டுப்பொருளோ கரைப்பானோ பயன்படுத்தினால் அவற்றின் பாதுகாப்புத் தரவுத் தாள். கணக்கு எண்ணைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஆய்வுநிதிகளுக்கு முடிவுத் தேதி உண்டு. முடியும் தறுவாயில் உள்ள நிதியின் எண்ணைக் கொடுத்துப் பயிற்சியை முடித்துவிட்டால், அளவீட்டு மணிகளை முன்பதிவு செய்யும் நேரத்தில் கணக்கு பூட்டப்பட்டிருக்கும். புதிய எண்ணுக்கு மாற்ற முழு ஒப்புதல் சங்கிலியும் மீண்டும் சுற்ற வேண்டும். எனக்கு நேர்ந்த தாமதங்களில் மிக நீண்டது இதனால் வந்தது, அதற்கும் இயற்பியலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

நாட்காட்டியையும் பாருங்கள். சீனப் புத்தாண்டை ஒட்டிய வாரத்தில் பொறுப்பாளர்கள் விடுப்பில் இருப்பார்கள், ஆண்டிறுதியிலும் அப்படியே. கருவியை இரவில் தனியாக இயக்கலாம் என்று சொல்லும் இடங்களில்கூட, திரவ நைட்ரஜனையோ உயர் மின்னழுத்தத்தையோ தனியாக இருக்கும்போது தொட அனுமதிப்பதில்லை.

4. செலவை மணியில் கணக்கிடுங்கள்

கட்டணங்கள் மணிக்கணக்கில் வரும். சொந்த நிறுவனத்தார், பிற கல்வி நிறுவனத்தார், தொழில் நிறுவனத்தார் என மூன்று விகிதங்கள் இருப்பது வழக்கம். நீங்களே இயக்கினால் ஒரு விகிதம், பொறுப்பாளர் உடனிருந்தால் கூடுதல். வெளியார் சிட்டைகளில் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் சேரும். வெளிநாட்டிலிருந்து கிராஃபைட் படிகமோ ஆக்சைடு பூசிய சிலிக்கான் தகடோ வரவழைத்தால் இறக்குமதியிலும் அதே வரி இருக்கும் என்பதால், விலைப்பட்டியலில் உள்ள தொகையை மட்டும் நம்பி மேற்பார்வையாளரிடம் வெள்ளிக்கணக்குச் சொல்லாதீர்கள்.

மணிகளைக் கணக்கிடும் விதம் இது. 20 மைக்ரோமீட்டர் பக்கமுள்ள சதுரத்தை அரை மைக்ரோமீட்டர் இடைவெளியில் வரைபடமாக்கினால் 41 × 41, அதாவது 1,681 புள்ளிகள். புள்ளிக்கு இரண்டு விநாடி என்றால் 56 நிமிடங்கள். பத்து விநாடி என்றால் நான்கு மணி நாற்பது நிமிடங்கள். மேடை நகரும் நேரம், குவியம் சரிபார்க்கும் நேரம் இவற்றுக்கு மேல். கேட் மின்னழுத்தத்தை −40 முதல் +40 வோல்ட் வரை 2 வோல்ட் படியில் ஏற்றினால் 41 புள்ளிகள்; ஒவ்வொன்றிலும் மின்னேற்றம் நிலைபெறக் காத்திருந்து இருமுறை நிறமாலை எடுக்க இரண்டு நிமிடம் என்று வைத்தால், ஏறுமுகமும் இறங்குமுகமும் சேர்ந்து ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி. அளவுத்திருத்தத்துக்கும் மாதிரியைத் தேடிப் பிடிப்பதற்கும் ஒரு மணியை ஒதுக்குங்கள். நான்கு மணிக்குக் குறைவான முன்பதிவில் கேட் அளவீட்டைத் தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து; பாதியில் நிறுத்தி மறுநாள் தொடர்ந்தால் அது வேறொரு மாதிரியை அளப்பதற்குச் சமம்.

முன்பதிவை ரத்து செய்யக் காலக்கெடு உண்டு. அதைத் தாண்டினால் பயன்படுத்தாத மணிகளுக்கும் கட்டணம் விழும். மாதிரி நுண்ணோக்கியில் கண்ணுக்குத் தெரிந்த பிறகு முன்பதிவு செய்யுங்கள்.

5. மாதிரியும் நம் ஊர் ஈரக்காற்றும்

ஒட்டுநாடாவால் உரித்து 90 அல்லது 285 நானோமீட்டர் ஆக்சைடு உள்ள சிலிக்கான் தகட்டில் பதிப்பதே தொடக்கத்துக்குச் சிறந்த வழி. இந்த இரு தடிமன்களைச் சொல்வதற்குக் காரணம் உண்டு: அவற்றில்தான் ஓரடுக்குக் கிராஃபீன் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு முரண் காட்டும். 285 நானோமீட்டர் தகடு நுண்ணோக்கியில் ஊதாவாகத் தெரியும். அதன்மேல் ஓரடுக்கு, பின்னணியைவிட ஒரு சாயல் மட்டும் அடர்ந்த, விளிம்பு நேராக வெட்டியதுபோன்ற ஒரு நிழலாகக் கிடக்கும். பக்கத்திலேயே நீலமாகவும் பின் மஞ்சளாகவும் மின்னுகிற தடித்த துண்டுகள் கண்ணை இழுக்கும். அவை உங்களுக்கு வேண்டியவை அல்ல. விளக்கின் வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்து, பச்சை வடிப்பான் இருந்தால் போட்டு, அந்த நிழலைத் தேடுங்கள். ஒளி முரணை அளந்தே அடுக்குகளை எண்ணும் முறையை நன்யாங் பல்கலைக்கழகக் குழு 2007-இல் வெளியிட்டது. ராமன் மணிகளைச் செலவழிக்குமுன் இந்தச் செலவில்லாத வடிகட்டலைச் செய்துவிடுவது புத்திசாலித்தனம்.

இனி ஈரம். சிங்கப்பூரில் வெளிக்காற்றின் ஈரப்பதம் பெரும்பாலான நாள்களில் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. ஆக்சைடுப் பரப்பில் படியும் நீரும் காற்றின் ஆக்சிஜனும் சேர்ந்து கிராஃபீனிலிருந்து எலக்ட்ரானை இழுத்துக்கொள்வதால், திறந்த வெளியில் இருந்த மாதிரி துளை வகை (எலக்ட்ரான் பற்றாக்குறை) டோப்பிங் கொண்டிருக்கும் என்றே எதிர்பாருங்கள். கேட் அளவீட்டில் ஏறுமுக வளைவும் இறங்குமுக வளைவும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல் விலகி நிற்பதற்கும் பெரும்பாலும் இந்த நீரே காரணம். புகைப்படக் கலைஞர்கள் லென்ஸ்களைப் பாதுகாக்க வைத்திருக்கும் அதே மின்சார உலர்பெட்டி ஒன்று உங்கள் குழுவில் இல்லையென்றால் முதலில் அதை வாங்கச் சொல்லுங்கள். உரித்த தேதி, உலர்பெட்டிக்குள் போன நேரம், வெளியே எடுத்த நேரம் ஆகிய மூன்றையும் மாதிரிப் பெட்டியின் மூடியிலேயே எழுதுங்கள். போரான் நைட்ரைடு அடுக்குகளுக்கு இடையே கிராஃபீனைப் பொதித்தால் இத்தொல்லை பெருமளவு குறையும், ஆனால் அது தனியே கற்க வேண்டிய கைவேலை. முதல் மாதிரியிலேயே அதற்குப் போக வேண்டாம்.

6. அளவுத்திருத்தம்

ஒவ்வொரு முன்பதிவின் தொடக்கத்திலும் முடிவிலும் சிலிக்கானின் முகட்டை எடுத்து, அது 520.7 செ.மீ.⁻¹ இல் நிற்கிறதா என்று பாருங்கள். தொடக்கத்தில் மட்டும் எடுத்தால் போதாது. அறையின் குளிரூட்டி மாலையில் வேறு நிலைக்கு மாறும்போது நிறமாலைமானியும் நகரும், ஒரு செ.மீ.⁻¹ நகர்வு என்பது நீங்கள் தேடும் டோப்பிங் விளைவின் அளவுக்கே வந்துவிடும்.

அகலத்தை நம்ப வேண்டுமென்றால் கருவி தானாகச் சேர்க்கும் அகலத்தையும் அறிய வேண்டும். சிலிக்கான் கோட்டுக்கே ஏறத்தாழ 3 செ.மீ.⁻¹ இயல்பகலம் இருப்பதால் அது இதற்குச் சரியான அளவுகோல் அல்ல. நியான் விளக்கின் கோடுகளை எடுங்கள். பிறகு ஜி முகட்டை, கருவியின் அகலத்தை நிலையாகப் பிடித்த வோய்ட் வளைவால் (முகட்டின் அகலமும் கருவியின் அகலமும் கலந்த வளைவு) பொருத்துங்கள்.

பழைய ஒளிரும் குழல் விளக்குகள் உள்ள அறை என்றால் அவற்றை அணைத்துவிட்டு அளவெடுங்கள். பாதரசத்தின் 577, 579 நானோமீட்டர் மஞ்சள் இணை, 532 நானோமீட்டர் லேசரில் 1,465, 1,528 செ.மீ.⁻¹ அருகில் இரு கூர்முகடுகளாக விழும். ஜி முகட்டுக்குப் பக்கத்தில் புதிய அதிர்வு கண்டுபிடித்ததாகப் பூரித்தவர்களின் முகம் விளக்கை அணைத்ததும் சுருங்கியதைப் பார்த்திருக்கிறேன். ஓரிரு படப்புள்ளி அகலத்தில் குத்தீட்டியாக வருபவை விண்கதிர்கள். ஒரே இடத்தில் இருமுறை எடுத்தால் அவை தாமே வெளிப்பட்டுவிடும்.

7. லேசர் திறன்

மாதிரியின்மேல் விழும் திறனை, மென்பொருளில் தெரியும் விழுக்காட்டைக் கொண்டு சொல்லாமல், லென்ஸுக்குக் கீழே திறன்மானியை வைத்து அளந்து எழுதுங்கள். ஒரு மைக்ரோமீட்டர் புள்ளியில் ஒரு மில்லிவாட்டுக்குக் கீழே வைப்பது பொதுவான வரம்பு. ஜி முகடு ஒரு கெல்வின் சூட்டுக்கு ஏறத்தாழ 0.016 செ.மீ.⁻¹ கீழிறங்குவதால், நூறு கெல்வின் சூடேற்றம் 1.6 செ.மீ.⁻¹ பிழையாக மாறும். திறனைப் பாதியாக்கி மீண்டும் எடுங்கள். முகடு நகர்ந்தால் இன்னும் குறைக்க வேண்டும். ஆக்சைடின்மேல் ஒட்டியுள்ள கிராஃபீனைவிட, குழியின் மேல் தொங்கவிட்ட கிராஃபீன் மிக எளிதில் சூடாகும்.

8. திரிபையும் டோப்பிங்கையும் பிரித்தல்

இப்போது வரைபடம் எடுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் கிடைத்த ஜி முகட்டின் இடத்தைக் கிடை அச்சிலும் 2டி முகட்டின் இடத்தைச் செங்குத்து அச்சிலும் குறியுங்கள். திரிபு மட்டும் மாறினால் புள்ளிகள் ஏறத்தாழ 2.2 சாய்வுள்ள கோட்டில் பரவும். துளை டோப்பிங் மட்டும் மாறினால் சாய்வு 0.7 அளவில் இருக்கும். 2012-இல் வெளியான இந்தப் பிரிப்பு முறை இன்று எல்லா ஆய்வுக்கூடங்களிலும் வழக்கில் இருக்கிறது. 514.5 நானோமீட்டர் லேசருக்கு, திரிபும் டோப்பிங்கும் அற்ற நிலை ஜி 1,581.6, 2டி 2,676.9 என்று கொள்ளப்படுகிறது. வேறு லேசருக்கு இந்த எண்ணை அப்படியே எடுத்துப் போடுவதுதான் நான் மிக அதிகமாகக் காணும் பிழை. 2டி முகட்டின் இடத்தை உங்கள் லேசர் ஆற்றலுக்கேற்ப மாற்ற வேண்டும்.

இம்முறை ஓரடுக்குக்கும் துளை டோப்பிங்குக்கும் உரியது. எலக்ட்ரான் டோப்பிங்கில் 2டி முகடு அதே நேர்கோட்டில் போகாது. ஈரடுக்குக்கு இந்த எண்கள் பொருந்தா.

டி முகட்டைப் பார்க்கும்போது லேசர் புள்ளி துண்டின் விளிம்பைத் தொடவில்லை என்று உறுதிசெய்யுங்கள். விளிம்பே டி முகட்டைத் தரும். குறைபாடுகள் உண்மையிலேயே உள்ள மாதிரியில், டி–ஜி செறிவு விகிதத்திலிருந்து படிகத்துண்டின் அளவைக் கணிக்கும் வாய்பாடு லேசர் அலைநீளத்தின் நான்காம் அடுக்கைக் கொண்டது. 532 நானோமீட்டருக்கு அது ஏறத்தாழ 19 நானோமீட்டரை அவ்விகிதத்தால் வகுப்பதாகச் சுருங்கும்.

9. கேட் அளவீடு: பிணைப்பு வெளிப்படும் இடம்

இதுவரை செய்தவை எல்லாம் இந்தப் படிக்கான ஆயத்தம். ஜி அதிர்வின் ஆற்றல் ஏறத்தாழ 196 மில்லி எலக்ட்ரான் வோல்ட். ஃபெர்மி மட்டம் (எலக்ட்ரான்கள் நிரம்பியிருக்கும் ஆற்றல் எல்லை) டிராக் புள்ளியில், அதாவது டோப்பிங் இல்லாத நிலையில், இருக்கும்போது, அந்த அதிர்வு தன் ஆற்றலைக் கொடுத்து ஓர் எலக்ட்ரான்–துளை இணையை உருவாக்க முடியும். அதனால் அதன் வாழ்நாள் குறைந்து முகடு அகலமாகிறது. ஃபெர்மி மட்டம் அந்த ஆற்றலில் பாதியை, அதாவது 98 மில்லி எலக்ட்ரான் வோல்ட்டை, மேலேயோ கீழேயோ தாண்டிவிட்டால் ஒரே நிலையில் இரண்டு எலக்ட்ரான்கள் இருக்க முடியாது என்னும் பாலியின் விலக்கல் விதி அந்த வழியை அடைத்துவிடுகிறது. முகடு ஏறத்தாழ 14–16 இலிருந்து 6–8 செ.மீ.⁻¹ ஆக மெலிகிறது. அதே நேரத்தில் மேல்நோக்கியும் நகர்கிறது. அகலத்தில் காணாமற்போன அந்தப் பங்கே எலக்ட்ரான்–ஃபோனான் பிணைப்பின் நேரடி அளவு. தாழ்வெப்பநிலையில் டோப்பிங் இல்லாத ஓரடுக்குக்கு 11 முதல் 12 செ.மீ.⁻¹ என்று கணிப்புகள் சொல்கின்றன. உங்கள் எண் அதன் அருகில் வர வேண்டும். 2007-இல் இரண்டு குழுக்கள் இதைத் தனித்தனியே காட்டின. மறு ஆண்டு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அஜய் சூட் குழுவினர் மேற்கேட்டைக் கொண்டு மிக உயர்ந்த டோப்பிங் வரை சென்றனர். ஒப்பிட்டுப் பார்க்க அந்த வளைவுகள் உங்கள் மேசைமேல் இருக்கட்டும்.

எத்தனை வோல்ட் வேண்டும்? 300 நானோமீட்டர் ஆக்சைடில் ஒரு வோல்ட் ஏறத்தாழ 7.2 × 10¹⁰ மின்சுமைகளைச் சதுரச் சென்டிமீட்டருக்குச் சேர்க்கும். 98 மில்லி எலக்ட்ரான் வோல்ட்டை எட்ட 0.7 × 10¹² வேண்டும். ஆக, டிராக் புள்ளியிலிருந்து பத்து வோல்ட் அளவில் மாற்றம் தொடங்கிவிடும். டிராக் புள்ளி சுழியத்தில் இருக்காது என்பதை மறக்க வேண்டாம். நம் ஈரக்காற்றில் கிடந்த மாதிரியில் அது நேர்மின்னழுத்தப் பக்கம் வெகுதூரம் தள்ளியிருக்கும். அதனால்தான் ராமன் எடுக்கும்போதே மின்தடையையும் அளக்க வேண்டும் என்கிறேன். மின்தடை உச்சம் தொடும் மின்னழுத்தமே உங்கள் சுழியம். கசிவு மின்னோட்டத்தையும் பதிவு செய்யுங்கள், அது திடீரென ஏறினால் அக்கணமே நிறுத்துங்கள்.

அறை வெப்பநிலையில் மாற்றம் கூர்மையாக இராது; வெப்ப ஆற்றலே 26 மில்லி எலக்ட்ரான் வோல்ட் இருப்பதாலும், லேசர் புள்ளிக்குள்ளேயே டோப்பிங் இடத்துக்கு இடம் வேறுபடுவதாலும் வளைவு மழுங்கும். குளிர்வித்தால் கூர்மையாகும். ஆனால் குளிர்வித்தால் எல்லா முகடுகளும் மெலியும் என்று படித்த பழக்கத்தில் இருப்பவர்கள் இங்கே திகைப்பார்கள்: டோப்பிங் இல்லாத கிராஃபீனில் வெப்பநிலை குறையக் குறைய இந்த எலக்ட்ரான் பங்கு கூடுகிறது. அது கருவிக் கோளாறு அல்ல.

அதே நிறமாலைகளிலிருந்து இன்னொன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜி பரப்பை 2டி பரப்பால் வகுத்து வர்க்கமூலம் கண்டு, அதை ஃபெர்மி ஆற்றலுக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வரும். டோப்பிங் கூடக்கூட எலக்ட்ரான்கள் தமக்குள் மோதுவது அதிகரித்து 2டி முகட்டைத் தேய்ப்பதன் விளைவு இது. கூடுதலாக ஒரு மணி நேரம்கூடச் செலவாகாது. முகட்டின் உயரத்தை எடுக்காமல் பரப்பை எடுக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

10. தாழ் அலை எண் பகுதி

சறுக்கு அதிர்வு கிராஃபைட்டில் 43–44 செ.மீ.⁻¹, ஈரடுக்கில் 31, மூவடுக்கில் 38 அளவில் வரும், ஓரடுக்கில் இருக்காது. லேசர் கோட்டுக்கு இவ்வளவு நெருக்கத்தில் அளக்க, லேசர் கோட்டை மட்டும் மிகக் குறுகலாக நீக்கும் பிராக் வடிப்பான்கள் பொருத்திய கருவி வேண்டும். முகடு மிக மெல்லியது, சமச்சீரற்றது. அந்தச் சமச்சீரின்மை, அதிர்வு எலக்ட்ரான்களின் தொடர் நிலைகளோடு குறுக்கிடுவதால் வருவது; லொரென்ட்ஸ் வளைவால் பொருத்தினால் அந்தத் தகவலையே தூக்கி எறிந்துவிடுவீர்கள், ஃபானோ வடிவத்தால் பொருத்துங்கள். இப்பகுதியில் காற்று மூலக்கூறுகளின் சுழற்சியால் எழும் கோடுகளும் குறுக்கே வரும் என்பதால் மாதிரியைச் சுற்றி ஆர்கான் வாயுவைச் செலுத்துவது நல்லது.

11. ராமன் போதாதபோது

ராமன் ஒளி, சுழிய உந்தத்துக்கு அருகிலுள்ள அதிர்வுகளையும் சில இரட்டை ஒத்ததிர்வுகளையும் மட்டுமே காட்டும். ஃபோனான் பரவல் வளைவு (அதிர்வின் ஆற்றல் உந்தத்தோடு மாறும் விதம்) முழுவதும், குறிப்பாக எலக்ட்ரான் பிணைப்பால் அதில் விழும் மடிப்பான கோன் விலகலின் வடிவம் வேண்டுமென்றால், மில்லி எலக்ட்ரான் வோல்ட் துல்லியமுள்ள மீள்தன்மையற்ற எக்ஸ் கதிர் சிதறலுக்குப் போக வேண்டும். கென்ட் ரிட்ஜிலுள்ள சிங்கப்பூர் சின்குரோட்ரான் (எலக்ட்ரான்களைச் சுழலவிட்டு எக்ஸ் கதிர் தரும் நிலையம்) 700 மெகா எலக்ட்ரான் வோல்ட் வளையம். இந்த வேலைக்குத் தேவையான 20 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அளவிலான கதிருக்கு அது உரியதன்று. ஜப்பானின் ஸ்பிரிங்-8, பிரான்சின் கிரெனோபிளில் உள்ள ஐரோப்பிய சின்குரோட்ரான் ஆகியவற்றில் விண்ணப்பிக்கிறார்கள். இரண்டிலும் ஆண்டுக்கு இருமுறை அழைப்பு வரும். முடிவுகளை வெளியிடும் கல்வி ஆய்வுக்குக் கதிர்நேரத்துக்கெனத் தனிக் கட்டணம் கேட்பதில்லை. விண்ணப்பத்தில் உங்கள் ராமன் தரவைக் காட்டி, எந்த உந்தத் திசையில் எத்தனை புள்ளிகள், புள்ளிக்கு எவ்வளவு நேரம் என்று எழுதுங்கள். ஒற்றைக் கிராஃபீன் தாளிலிருந்து இந்தச் சிதறல் சமிக்ஞை கிடைக்காது. கிராஃபைட்டின் ஒற்றைப் படிகம் வேண்டும்.

சிங்கப்பூர்க் கடப்பிதழ் உள்ளவர்களுக்குக் குறுகிய பயணத்துக்கு இரு நாடுகளிலும் விசா தேவையில்லை. இந்தியக் கடப்பிதழில் மாணவர் அனுமதி அட்டையோடு இங்கே இருப்பவர்கள், ஷெங்கன் விசாவுக்குச் சிங்கப்பூரிலேயே விண்ணப்பிக்கலாம்: பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்பிலிருந்து, குறைந்தது பதினைந்து நாள்களுக்கு முன்வரை. கடப்பிதழ் திரும்பும் தேதிக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாக வேண்டும், 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும், மையத்தின் அழைப்புக் கடிதம் வேண்டும். நேர்காணல் இடங்கள் விடுமுறைக் காலத்துக்கு முன் நிரம்பிவிடுவதால், கதிர்நேரம் உறுதியான அன்றே இடம் பிடியுங்கள்.

சாதாரணக் கிராஃபைட் படிகத்தைக் கையோடு எடுத்துச் செல்லலாம். அடுக்குகளுக்கு இடையே பொட்டாசியம் அல்லது கால்சியம் ஊடேற்றிய கிராஃபைட்டை அப்படிச் செய்யக் கூடாது. 11.5 கெல்வினில் மீக்கடத்தியாகும் கால்சியம் சேர்மம் எலக்ட்ரான்–ஃபோனான் பிணைப்புக்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டுதான். ஆனால் அது காற்றின் ஈரம் பட்டால் கெட்டுவிடும், பொட்டாசியம் சேர்மம் தீப்பற்றவும் கூடும். விமானத்தில் அதற்கு இடமில்லை. அந்தந்த மையத்திலுள்ள கையுறைப் பெட்டியைப் பயன்படுத்தி அங்கேயே தயாரிக்க முடியுமா என்று விண்ணப்பிக்குமுன் கதிர்ப்பாதை அறிவியலாளரிடம் கேளுங்கள். முடியும் என்றால் பாதுகாப்புப் படிவத்தில் கார உலோகத்தின் அளவைக் கிராமில் எழுதி, கதிர்நேரத்துக்கு வெகு முன்பாகவே அனுப்பிவிடுங்கள்.